மீன் தலை பார்த்த திசை

சேந்தனுக்கு வயிறு எரிந்தது. பசியால் அல்ல, எதிரில் உட்கார்ந்திருந்த அம்பலவனால்.

நாடி பார்க்கும் வித்தை கற்க நாகப்பட்டினத்திலிருந்து சீனத்துக்குக் கப்பலேறி வந்தவன் சேந்தன். வைத்தியர் லியாங்கின் வீட்டிலேயே தங்கிப் படித்தான். அம்பலவனோ அன்றுதான் கரை இறங்கிய மிளகு வியாபாரி. துறைமுகத்தில் அவனைக் கண்ட ஆசான், "உன் ஊர்க்காரராச்சே" என்று சாப்பிட அழைத்து வந்துவிட்டார்.

வாசலைப் பார்த்த நாற்காலி அம்பலவனுக்கு. ஆவி பறக்க முழு மீன் வந்தது. ஆசானின் மனைவி தட்டைத் திருப்பி, மீன் தலை அவனைப் பார்க்கும்படி வைத்தாள். ஆசான் தன் சாப்பாட்டுக் குச்சிகளால் மீனின் கன்னத்துச் சதையை எடுத்து அவன் கிண்ணத்தில் இட்டார். மூன்றும் அந்த ஊரில் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை.

சேந்தன் வந்த முதல் நாள் அந்த நாற்காலியும் அந்தக் கன்னமும் அவனுக்குத்தான். அதோடு சரி. இப்போது அவனுக்கு அடுப்பங்கரைப் பக்கத்து முக்காலி.

"சேந்தா, சோத்துப் பானையை எடுத்துட்டு வா" என்றார் ஆசான்.

எடுத்து வந்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அம்பலவன் மரியாதைக்குக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். உடனே நிரம்பியது. மறுபடி வழித்தான். மறுபடி நிரம்பியது.

"அண்ணே, மூச்சு முட்டுது. என்ன செய்றது?" என்று தமிழில் கிசுகிசுத்தான்.

கொஞ்சம் மிச்சம் வைத்தால் விட்டுவிடுவார்கள். முதல் நாள் இதே பாடுபட்ட சேந்தனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"மிச்சம் வச்சா கோவிச்சுக்குவாங்க. சாப்பிடு" என்றான். சொன்னதும் மனசு குளிர்ந்தது. பாவி மனசு!

அம்பலவனைத் தெருமுனை வரை வழியனுப்பிவிட்டு ஆசான் திரும்பியபோது, உள்ளே சேந்தன் கழுவிய கிண்ணங்கள் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தன.

"என்ன, பாத்திரம் பேசுது?"

"மூலிகை இடிக்க நான், தண்ணி சுமக்க நான். மீன் தலை மட்டும் இன்னைக்கு வந்தவனைப் பார்க்குது. இந்த வீட்டுல எனக்கு என்னதான் மதிப்பு, ஆசானே?"

ஆசான் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் வாசலைப் பார்த்த நாற்காலியைக் காட்டி, "வாங்க, வாங்க. இப்படி உட்காருங்க" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று சேந்தன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

மீன் வந்தது. தலை அவன் பக்கம் திரும்பியது. கன்னத்துச் சதை அவன் கிண்ணத்தில் விழுந்தது. சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. பழக்கத்தில் பானையை எடுக்க எழுந்தான்.

"ஐயையோ, நீங்க உட்காருங்க" என்று ஆசானின் மனைவி பதறினாள்.

அந்த 'நீங்க' எங்கோ உறுத்தியது. ஆனாலும் சாப்பிட்டான். கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வாய் சோற்றை மிச்சம் வைத்தான்.

"அட, இந்த வழி உங்களுக்குத் தெரியுமா?" என்றார் ஆசான். "நேத்து பாவம், உங்க ஊர்க்காரர் திணறிப் போனாரே."

சேந்தன் தலை குனிந்தான். கிண்ணங்களை அடுக்கப் போனவனை ஆசானின் மனைவி தடுத்தாள். "விருந்தாளி பாத்திரம் எடுக்கலாமா?"

ஆசான் எழுந்தார். சேந்தனின் துணிமூட்டையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். வாசல் வரை கூடவே நடந்து, கைகுவித்து வணங்கினார்.

"நீங்க வந்ததுல ரொம்பச் சந்தோஷம். பார்த்துப் போங்க."

சேந்தன் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நான் எங்கே போவேன், ஆசானே?"

"சாப்பிட்டுக் கிளம்புற விருந்தாளிகிட்ட அதை நான் கேக்குறதில்லையே."

தெருவில் வெயில் காய்ந்தது. சேந்தன் மூட்டையோடு நின்றான். உள்ளே கழுவாத கிண்ணங்கள் கிடந்தன. அடுப்பங்கரைப் பக்கத்தில் அந்த முக்காலி காலியாக இருந்தது.

"உள்ளே வரலாமா?" என்றான் மெதுவாக.

"அது விருந்தாளி கேக்குற கேள்வி, சேந்தா" என்றார் ஆசான்.