சபையில் குடித்த தண்ணீர்

மழை பொய்க்காத காலம் ஒன்று இருந்தது, நம்புங்கள். அந்தக் காலத்தில் மலையடியிலிருந்து கடல் வரைக்கும் தெளியாறு என்று ஓர் ஆறு ஓடியது. அடியில் கிடக்கும் கூழாங்கல் கரையில் நின்றாலே தெரியும்.

அந்த ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை எப்போதும் ஆற்றின் போக்கில், கீழே இருக்கும் ஊருக்குத்தான் கட்டிக்கொடுப்பார்கள். பிறந்த வீட்டுத் தண்ணீர் தினமும் அவளைத் தேடிப் போகும் அல்லவா? அவள் பிள்ளைக்கு முதல் சோறும் அந்தத் தண்ணீரில்தான் பொங்க வேண்டும்.

மேல்கரையில் சாத்தப்பன் என்றொரு வணிகன். அவுரிச் செடியைத் தொட்டிகளில் ஊறப்போட்டு, அழுகவைத்து, நீலச் சாயம் எடுப்பான். சாயம் கப்பலேறும். மிஞ்சிய அழுகல் தண்ணீர் ஆற்றில் இறங்கும். அவன் குடிக்கிற தண்ணீர் மட்டும் தொட்டிகளுக்கு மேலேயிருந்து வரும். மகா கெட்டிக்காரன்!

அவனுடைய ஒரே மகள் உமையாள் கீழ்க்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

முதலில் மீன் செத்தது. கீழ்க்கரைக்காரர்கள் வந்து முறையிட்டார்கள். "மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றான் சாத்தப்பன்.

அடுத்து மாடு செத்தது. மறுபடியும் வந்தார்கள். "புல்லுல ஏதாவது பூச்சி இருந்திருக்கும்" என்றான்.

பிறகு பிள்ளைகள் செத்தார்கள். பெற்றவர்கள் அழுதுகொண்டே வந்தார்கள். "மேட்டுல ஒரு குளம் வெட்டி அதுல விடுங்கய்யா, நாங்களே வந்து வெட்டித் தர்றோம்" என்று கெஞ்சினார்கள். அவுரி விளைகிற நிலத்தைக் குளத்துக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. விரட்டிவிட்டான்.

ஆனால் மகளுக்கு மட்டும் ரகசியமாக ஆள் அனுப்பினான். "ஆத்துத் தண்ணி வேண்டாம்மா, மலை ஊத்துத் தண்ணியா எடுத்துக்கோ." ஆக, எல்லாம் தெரிந்துதான் செய்தான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அவள் எடுப்பதைப் பார்த்துக் கீழ்க்கரை ஊரே ஊற்றுக்கு நடக்கத் தொடங்கியது. வழக்கு அரசனிடம் போனது. "வரும் பௌர்ணமியன்று கீழ்க்கரைப் படித்துறைத் தண்ணீரைச் சபையில் நீ குடிக்க வேண்டும்" என்றான் அரசன்.

சாத்தப்பன் வீடு திரும்பியதும் தொட்டிகளின் மதகை அடைத்தான். ஆறு மெல்லத் தெளிந்தது. பௌர்ணமியன்று சபை பார்க்க ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டான். வழக்கு தள்ளுபடியானது.

வீட்டுக்கு வந்த கையோடு மதகைத் திறந்துவிட்டான். தேங்கிக் கிடந்த அழுகல் எல்லாம் ஒரே மூச்சில் ஆற்றில் இறங்கியது. மகள்தான் ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறாளே என்று நிம்மதியாக இருந்தான்.

மறுநாள் கீழ்க்கரையிலிருந்து ஆள் வந்தான். "உங்க பேரனுக்கு முதல் சோறு ஊட்டப் போறாங்கய்யா. நல்ல தண்ணி வரட்டும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க சபையில குடிச்சதக் கேட்டதும் நாள் வச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில."

சாத்தப்பன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். கரையோரமாகவே ஓடினான். விழுந்தான், எழுந்து ஓடினான். ஆறு அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அங்கே உமையாள் உலை வைத்தாள். வண்ணமெல்லாம் வழியிலேயே படிந்துவிட்டது, நஞ்சு படியவில்லை. "என்னமோ வாடை அடிக்குதே, தாயீ?" என்றாள் மாமியார்.

"எங்கப்பா தொட்டித் தண்ணிய நிறுத்திட்டார் அத்தை. இல்லேன்னா சபையில குடிப்பாரா?" என்று சிரித்தாள் உமையாள். பிறந்த வீட்டுத் தண்ணீரில் பொங்கிய சோற்றைக் குழைத்து, பிள்ளை வாயில் தன் கையாலேயே ஊட்டினாள்.

சாத்தப்பன் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. உள்ளே உமையாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உடம்பு குளிர்ந்து போயிருந்தது.

அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு நீங்க குடிச்சது எந்தத் தண்ணிப்பா?"



கேட்டுக்கொண்டிருப்பவர்களே, குடிக்கிற நீரைக் கெடுப்பவனுக்கு அதை யார் குடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஒருநாளும் கிடைப்பதில்லை.