விராலடிப்பானின் கூடு எங்கே என்று ஏன் சொல்வதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு பேசுவதை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. கேமரா என்ற பெட்டியோ மனிதர் கைக்கு அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து இருந்த அந்தக் கொஞ்ச நாட்களில் நடந்தது இது.

பிரிட்டனின் வடக்கே, ஸ்காட்லாந்து மலைகளுக்கு நடுவில் ஓர் ஏரி. அதன் கரையில் இஷ்பெல் என்ற பெண் தனியாக வாழ்ந்தாள். மலைவீடுகளுக்கு அஞ்சல் பை சுமந்து நடப்பது அவள் வேலை. நடக்கும் வழியில் கண்ணில் பட்ட உயிரையெல்லாம் விசாரித்து நோட்டில் எழுதிக்கொள்வது அவள் வழக்கம். கலைமான் எப்போது கொம்பு உதிர்க்கும் என்று கலைமானிடமே கேட்பாள். நீர்நாய்க்குட்டி எத்தனை நாளில் நீந்தும் என்று தாயிடம் கேட்பாள். அவையும் சலிக்காமல் சொல்லும்.

ஏரியின் நடுவில் ஒரு சிறு தீவு. அதில் ஒற்றைப் பைன் மரம். அதன் தட்டையான உச்சியில் ஒரு விராலடிப்பான் ஜோடி கூடு கட்டியிருந்தது. நம் ஏரிகளுக்கும் பனிக்காலத்தில் வருகிற பறவைதான். பருந்து போல இருக்கும், தண்ணீருக்கு மேல் நின்று பறந்து, கால்களை முன்னே நீட்டிப் பாய்ந்து மீனைத் தூக்கும். மீனைத் தின்கிறது என்பதற்காகவே அந்த நாட்டுப் பண்ணையார்கள் அதைச் சுட்டார்கள். முட்டை அழகாக இருக்கிறது என்பதற்காக வேறு சிலர் அதைக் கவர்ந்தார்கள். கடைசியில் நாடு முழுவதற்கும் மிஞ்சியது இந்த ஒரு ஜோடி.

இஷ்பெல் ஒரு கோடை முழுவதும் தீவுக்குப் படகில் போய், கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் கேமராவால் அவற்றைப் படம் எடுத்தாள். எடுத்து முடித்ததும் பெண்பறவையிடம் கேட்டாள்.

"இதைத் தெற்கே பெரிய நகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டட்டுமா? உங்களைச் சுடுகிறவர்கள் உங்களைச் சரியாகப் பார்த்ததே இல்லை."

"பார்த்தால் சுட மாட்டார்களா?"

"சிலருக்காவது கை வராது."

"அப்படியென்றால் காட்டு," என்றது பறவை.

பறவைகள் ஆப்பிரிக்கக் கரைகளுக்குப் போயிருந்த மார்ச் மாதத்தில் இஷ்பெல் ரயிலேறினாள். நகர மண்டபத்தில் நானூறு பேர் கூடியிருந்தார்கள். ஆண்பறவை மீனின் தலைப்பக்கத்தைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைப் பெண்ணுக்குக் கொண்டுவருவதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். முதன்முதலாகப் பறந்த குஞ்சு திரும்பிக் கூட்டில் இறங்கத் தெரியாமல் மூன்று முறை சுற்றி வந்தபோது மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. படம் முடிந்ததும் முன்வரிசையில் ஒரு கனவான் எழுந்தார். நரைத்த மீசை, மென்மையான குரல். அவர் பெயர் ஹொரேஸ் பெல்லமி.

"அம்மா, என் வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இது எந்த ஏரி?"

இஷ்பெல் மகிழ்ச்சியில் இருந்தாள். ஏரியின் பெயரைச் சொன்னாள். தீவைச் சொன்னாள். எந்தப் பக்கம் படகை ஒதுக்க வேண்டும் என்பதைக்கூடச் சொன்னாள்.

ஏப்ரலில் பறவைகள் திரும்பி வந்தன. மூன்று முட்டைகள் இட்டன. மே மாதத் தொடக்கத்தில் நான்கு நாள் விடாமல் மழை. அடைகாக்கும் பறவையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இஷ்பெல் தீவுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் படகைச் செலுத்திக்கொண்டு போனவள், பெண்பறவை கூட்டில் உட்காராமல் அதன் விளிம்பில் நிற்பதைப் பார்த்தாள். மரத்தின் பட்டையில், அடியிலிருந்து உச்சிவரை, ஏறுகிறவர் காலில் கட்டிக்கொள்ளும் இரும்பு முள் பதிந்த காயங்கள் புதிதாக இருந்தன.

"முட்டைகள் எங்கே?" என்று கேட்டாள் இஷ்பெல்.

"ஒருவன் ஏறி வந்தான். இஷ்பெல் சொல்லித்தான் வந்தேன் என்றான். நீ அனுப்பிய ஆள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் எழுந்து வழிவிட்டேன்."

இஷ்பெலின் கையிலிருந்து துடுப்பு நழுவிப் படகுக்குள் விழுந்தது.

"நீ அனுப்பினாயா?"

"அனுப்பவில்லை. எந்த ஏரி என்று கேட்டார். சொன்னேன்."

பறவை வெறுங்கூட்டுக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தது. மழைக்குப் பிறகு ஏரி அசையாமல் கிடந்தது.

"உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்," என்றது. "நீ கெட்டவள் இல்லை. ஆனால் எங்கள் பேச்சு உன் வழியாகப் போய், எங்கள் கூட்டைத் தொட்டுவிட்டது. இனி மனிதரிடம் எங்களுக்குப் பேச்சு இல்லை."

அன்று மாலையே இரண்டு பறவைகளும் மலையைத் தாண்டிப் பறந்தன. செய்தி காடு முழுவதும் பரவியது. அந்த வாரத்துக்குள் நீர்நாய் இஷ்பெலைக் கண்டதும் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. கலைமான் அவள் கேள்விக்குத் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது. அடுத்த ஏப்ரலில் விராலடிப்பான் வரவில்லை.

அந்தக் கோடையில் இஷ்பெல் பெல்லமியின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் கதவைத் திறந்து, மரியாதையாக உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஒரு தேக்குப் பெட்டியின் இழுப்பறையை இழுத்தார். பஞ்சின் மேல் மூன்று முட்டைகள். பாலேட்டு நிறத்தில் செம்பழுப்புத் திட்டுகள். பக்கத்தில் ஏரியின் பெயரும் தேதியும் அழகான கையெழுத்தில்.

"திருப்பிக் கொடுங்கள்," என்றாள்.

"துளையிட்டு உள்ளிருந்ததை எடுத்தாயிற்றே. வெறும் ஓடுதான்." அவர் குரலில் கேலி இல்லை. "என்னைத் திருடன் என்று நினைக்காதீர்கள். உங்களைப் போலவே எனக்கும் அந்தப் பறவைமேல் பிரியம்."

"பிரியமா? அது உங்களுக்கு எழுந்து வழிவிட்டது."

பெல்லமி இழுப்பறையை மெதுவாக மூடினார். இஷ்பெல் தேநீரைத் தொடாமல் வெளியே வந்தாள்.

ஊர் திரும்பியதும் அவள் ஒரு முடிவெடுத்தாள். கோடையில் அஞ்சல் பையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தாள். தீவுக்கு எதிர்க்கரையில் பலகைகளால் ஒரு சிறு குடில் அமைத்தாள். மேலே புதரை வெட்டிப் போர்த்தி, கண் உயரத்தில் கையகலச் சன்னல் ஒன்று வைத்தாள். உள்ளே இருப்பவர் வெளியே தெரிய மாட்டார். பைன் மரத்தின் அடியில் முள்கம்பி சுற்றினாள். காற்றில் கலைந்த கூட்டைக் குளிர்காலத்தில் ஏறி, சுள்ளி சுள்ளியாகச் செருகிச் சரிசெய்தாள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை குடிலில் உட்கார்ந்தாள்.

ஏரியில் படகு விடும் டூகல் இரண்டாம் ஆண்டு வந்து வாசலில் நின்றார். அறுபதை நெருங்கும் மனிதர். பெல்லமி தீவுக்குப் போனது அவருடைய படகில்தான்.

"மீன் பிடிக்க என்றுதான் கேட்டார், இஷ்பெல். நம்பிக் கொடுத்தேன்."

"நானும் நம்பித்தான் சொன்னேன்."

"வராத பறவைக்கு எதற்குக் காவல்?"

"வருகிற அன்றைக்குக் காவல் இல்லாமல் இருக்கக் கூடாது, டூகல்."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் வந்தார். முதலில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். போகப்போகப் பேச்சு குறைந்தது. பேசாமல் இருந்தால் நீர்நாய் குடிலுக்குப் பக்கத்திலேயே வந்து மீன் தின்கிறது என்று கண்டார்கள். அசையாமல் இருந்தால் கலைமான் கன்றோடு தண்ணீர் குடிக்க வருகிறது. முன்பு கேட்டுத் தெரிந்துகொண்டதை இப்போது பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு பருவம் ஆயிற்று. இஷ்பெல் அதற்கும் பழகினாள்.

ஊரார் அவளைப் பைத்தியம் என்றார்கள். ஆண்டுகள் போயின. ஐந்து, எட்டு, பத்து.

பதினோராம் ஆண்டு ஏப்ரலில் தெற்கிலிருந்து ஒரு விராலடிப்பான் வந்தது. தீவுக்கு மேல் ஒரு சுற்று சுற்றியது. குடிலின் கூரைக்கு மேலே, சிறகின் கீழுள்ள வரிகள் தெரியும் உயரத்தில் கடந்தது. டூகல் வாயைத் திறந்தார். இஷ்பெல் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்பதற்கென்று பதினோரு ஆண்டுகளாக ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் அவள் சரிசெய்து வைத்திருந்தாள். அது தொண்டைவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள். பறவை பழைய கூட்டில் இறங்கவில்லை. மலைக்கு அப்பால் பறந்தது.

இருவரும் எட்டு நாள் தேடினார்கள். மலையைத் தாண்டி, பாதை இல்லாத பள்ளத்தாக்கில், இன்னொரு சிறிய ஏரி. அதன் கரையில் ஒரு பட்டுப்போன பைன் மரம். உச்சியில் புதுக் கூடு. பக்கத்துக் கிளையில் ஆண்பறவை. கூட்டில் பெண்பறவை தாழ்ந்து உட்கார்ந்திருந்தது. முட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

மே மாத நடுவில் பெல்லமி விடுதியில் வந்து இறங்கினார். மீசை முழுக்க வெளுத்திருந்தது. விராலடிப்பான் ஒன்று வடக்கே பறந்ததை யாரோ ரயிலிலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் நேராகப் பழைய தீவுக்குப் போய், முள்கம்பியையும் வெறுங்கூட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இஷ்பெலைப் பின்தொடர்ந்தால் போதும்.

காலையில் வீட்டுக்கு எதிரே அவர் நிற்பதை இஷ்பெல் பார்த்தாள். உள்ளே வந்து டூகலிடம் சொன்னாள்.

"பின்கதவு வழியாகப் போங்கள். இனி அந்தப் பள்ளத்தாக்கு உங்கள் பொறுப்பு. நான் வரப்போவதில்லை."

"குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்குகிறதே. இதற்காகத்தானே இத்தனை வருஷம் உட்கார்ந்தாய்?"

"என் கண்ணால் பார்ப்பதற்காக உட்காரவில்லை," என்றாள்.

அவள் நோட்டையும் தொலைநோக்கியையும் எடுத்துக்கொண்டு, பெல்லமி பார்க்கவே, பழைய குடிலுக்கு நடந்தாள். நாள் முழுவதும் வெறுங்கூட்டைப் பார்த்தாள். அவ்வப்போது நோட்டில் எழுதினாள். மறுநாளும் போனாள். மழையிலும் போனாள். பெல்லமி அவளுக்குப் பின்னால் புதரில் நனைந்துகொண்டு நின்றார். இவள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறாள் என்றால் இங்கே ஏதோ இருக்கிறது என்று அவர் நம்பினார்.

பதினைந்தாம் நாள் பொறுக்க முடியாமல் அவர் குடிலுக்குள் நுழைந்து பலகையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கூட்டில் ஒன்றுமே இல்லையே?"

இஷ்பெல் சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேறு எங்காவது இருக்கிறதா? ஆம், இல்லை, ஏதாவது ஒரு வார்த்தை போதும்."

இல்லை என்று சொன்னால், எதையோ மறைக்கிறாள் என்று நினைத்து மலைக்கு அப்பால் போவார். ஆம் என்றாலும் அதே கதிதான். எந்த வார்த்தை சொன்னாலும் அது ஒரு திசையைக் காட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். வாய் திறக்கவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார்.

பத்தொன்பதாம் நாள் மாலை டூகல் பின்கதவு வழியாக வந்தார். காலணியைக்கூடக் கழற்றவில்லை.

"இன்று ஆண் ஒரு மீன் கொண்டுவந்தது. அவள் அதைத் தின்னவில்லை. சின்னச் சின்னதாகக் கிழித்து, குனிந்து, கூட்டுக்குள் ஊட்டினாள்."

"எத்தனை தடவை குனிந்தாள்?"

"இரண்டு பக்கமும் குனிந்தாள். குறைந்தது இரண்டு குஞ்சு இருக்கும்."

இஷ்பெல் அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். டூகல் அப்போதுதான் குனிந்து காலணியைக் கழற்றினார்.

மறுநாள் காலையும் அவள் வெறுங்கூட்டைப் பார்க்கப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாம் நாள் பெல்லமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினார். முட்டைக்காலம் முடிந்துவிட்டது என்று அவருக்கும் கணக்குத் தெரியும். அவர் பிறகு வரவில்லை.

அதன் பிறகே இஷ்பெல் கேமராவைச் சுமந்துகொண்டு மலையைத் தாண்டினாள். கூட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி, புதருக்குள் படுத்து, மூன்று குஞ்சுகளைப் படம் எடுத்தாள். மூன்றாவது ஒன்று டூகல் கண்ணுக்குத் தப்பியிருந்தது. ஒரு நாள் பெண்பறவை அவள் படுத்திருந்த புதரை நேராகப் பார்த்தது. அவள் இருப்பது அதற்குத் தெரியும். கத்தவில்லை, எழும்பவில்லை. திரும்பிக் குஞ்சுக்கு ஊட்டத் தொடங்கியது. இஷ்பெலுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் படத்தில் மலைமுகடு எதுவும் தெரியாதபடி வெட்டி ஒட்டினாள். மண்டபம் மண்டபமாகக் காட்டினாள். பார்த்தவர்களில் பதினாறு பேர், காவலுக்குத் தாங்களும் வருகிறோம் என்று கடிதம் எழுதினார்கள். பதினாறு பேருக்கும் ஒரே பதில் போட்டாள்: வரலாம், பேச்சை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டும், திரும்பிப் போனபின் பார்த்ததையெல்லாம் சொல்லலாம், பார்த்த இடத்தைத் தவிர. அவர்கள் வந்தார்கள். முறை வைத்து இரண்டிரண்டு பேராகக் காவல் இருந்தார்கள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து திரும்பி வந்து வேறு ஏரிகளில் கூடு கட்டின. அங்கும் குடில்கள் எழுந்தன.

அன்று முதல்தான் அந்த நாட்டில் உயிரினங்களை ஆராய்பவர்களும் படம் எடுப்பவர்களும் சிறு சன்னல் வைத்த குடிலுக்குள் வாய் திறவாமல் காத்திருக்கிறார்கள். விராலடிப்பானைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள், கூடு எங்கே என்று மட்டும் பெற்ற தாய் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.