வேதாந்தம் அங்கிள் மெச்சிய அமெரிக்க பேண்ட்

சிரிப்பு உண்டு, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். முதலில் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி வேதாந்தம் அங்கிளைப் பாருங்கள். சிகாகோவில் எட்டு வருஷம் இருந்தவர். 'காபி' என்பதைக்கூட இன்னும் மூக்கால்தான் சொல்வார்.

எங்கள் மூன்று பேர் ராக் இசை பேண்டுக்குக் கார் பார்க்கிங்தான் ஒத்திகை இடம். அதைத் தடுக்க ஞாயிறு காலை மீட்டிங் போட்டார்.

"ராக்னா என்னன்னு தெரியுமாடா? அமெரிக்காவுலயே பெரிய பேண்ட் எது, சொல்லுங்க. நான் ஒத்துக்கிட்டா பார்க்கிங் உங்களுக்கு. இல்லேன்னா இன்னிக்கே டிரம்ஸைக் காலி பண்ணுங்க."

"ஈகிள்ஸ்" என்றான் டிரம்ஸ் இர்ஃபான்.

"தாலாட்டு!"

"மெட்டாலிகா" என்றாள் கிடார் ஜெசிந்தா.

"தகர டப்பா!"

"பேர் வேண்டாம் அங்கிள், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க" என்று போனில் ஒரு பாட்டைப் போட்டேன்.

அங்கிள் கண்ணை மூடினார். கால் தாளம் போட்டது. "அடடா, டெட்ராய்ட்காரங்க! முன் வரிசையில நின்னு கேட்டிருக்கேன். இந்தத் தொண்டை அங்க பொறந்தாத்தான்டா வரும்!"

பாட்டின் நடுவே குக்கர் விசில் அடித்தது.

"கிடாரை எப்படி அழ வைக்கிறான் பாரு! இவங்கதான் நம்பர் ஒன்!"

"மினிட்ஸ்ல எழுதிடலாமா அங்கிள்?"

"எழுது, எழுது!" கையெழுத்தும் போட்டார்.

பாட்டு முடிந்தது. போனில் ஒரு குரல் கத்தியது: "டேய், நிறுத்துங்கடா இந்தக் கழுதைக் கச்சேரியை! செக்ரட்டரி வேதாந்தம் சொல்றேன்!"

அங்கிள் கண்ணைத் திறந்தார். "என் குரல்ல மிமிக்ரி பண்றியா?"

"இல்ல அங்கிள். நான் பண்ணினது டெட்ராய்ட்காரர் குரல். இது நேத்து சாயங்காலம் எங்க ஒத்திகையை ரெக்கார்ட் பண்ணும்போது மாடியிலேர்ந்து நீங்களே கத்தினது."

அங்கிள் மெதுவாகத் தன் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.