இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஓர் ஊரில் ஒரு கிளை நூலகம் இருந்தது. அங்கே புத்தகங்கள் பேசும். ஜன்னலோர அலமாரியில் விண்வெளிக் கதைகளும் மாயக் கதைகளும் இருந்தன. மற்ற அலமாரிகளைவிட அங்கேதான் சத்தம் அதிகம்.

அந்த அலமாரியைத் தேடி ஜெசிந்தா வருவாள். தையல் மிஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். பகல் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கதை படிப்பாள். கடல் எழுந்து நடக்கிற கதை, அறுநூறு வருடம் வாழ்கிற மனிதர்களின் கதை, அப்படி எதுவானாலும் சரி. இந்த உலகம் அதில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த உலகத்தில் அவளுக்கு ஒன்று நடந்திருந்தது. அது என்னவென்று இந்தக் கதை சொல்லப்போவதில்லை. அது அவளுடையது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் 'நான்காம் நிலவின் மன்னன்' என்ற தடித்த புத்தகத்தை எடுத்துப் போனாள். விருது வாங்கியது என்று முன்னட்டையில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. வீரமும் மாயமும் நிறைந்த பெரும்பயணம் என்று பின்னட்டை சொன்னது. இரண்டு நாள் ஆசையாகப் படித்தாள். மூன்றாம் நாள் பேருந்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

நான்கு வரி படித்தாள். எதிர்ப்பக்கம் முழுக்க அதுவேதான் என்று கண்ணை ஓட்டியதும் தெரிந்தது. பேருந்து எங்கே நின்றதோ அங்கே இறங்கினாள். ஒரு அரிசி ஆலைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவளால் திருப்புளியைப் பிடிக்க முடியவில்லை. மூன்று கடைக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் அவள் நூலகத்துக்கு வந்தாள். நூலகர் குற்றாலிங்கத்தின் மேஜை முன்னால் நின்றாள்.

"சார், இந்தப் புத்தகத்துல ஒரு பொண்ணை நாசம் பண்றதை ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கு. எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

"கதைன்னா எல்லாம்தாம்மா இருக்கும்."

"சரி. அந்த மாதிரி இல்லாத புத்தகமா நாலு சொல்லுங்க. மாயக் கதையா இருக்கணும்."

குற்றாலிங்கம் சிரித்தார். "அவ்வளவு பயமா இருந்தா எதிர் அலமாரியில கோலப் புத்தகம் இருக்கு. அதை எடுத்துட்டுப் போங்க."

ஜெசிந்தாவுக்குக் காது சூடேறியது. நேராக ஜன்னலோரம் போய்த் தடித்த புத்தகத்தை அலமாரியின் விளிம்பில் நிறுத்தினாள்.

"ஏன் அதை எழுதி வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

தடித்த புத்தகம் தொண்டையைச் செருமியது. "அது யதார்த்தம், பெண்ணே. வாழ்க்கையின் கொடூரத்தை மறைப்பது இலக்கியத்தின் வேலை அல்ல."

"யதார்த்தமா? உன்கிட்ட நாலு நிலா இருக்கு. யானை பறக்குது. செத்தவன் எழுந்து வந்து சாப்பிட உட்காருறான். யாரும் உன்னை யதார்த்தம் எங்கேன்னு கேட்கலை. இத்தனையும் யோசிக்கத் தெரிஞ்ச உனக்கு, ஒரு பொண்ணு தண்ணி எடுக்கப் போயிட்டு பத்திரமா வீட்டுக்கு வர்றதை மட்டும் யோசிக்கத் தெரியலையா?"

பக்கத்தில் இருந்த புத்தகங்கள் எட்டிப் பார்த்தன.

"கதைக்கு அது தேவைப்பட்டது" என்றது தடித்த புத்தகம். "அதனால்தான் இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் மன்னன் வாளை எடுக்கிறான்."

"அவன் வாள் எடுக்கிறதுக்கு அவளா கிடைச்சா? சரி, அவ பேர் என்ன?"

தடித்த புத்தகம் தன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டியது. மன்னனின் குதிரைக்குப் பெயர் இருந்தது. வாளுக்குக்கூடப் பெயர் இருந்தது.

"பெயர்... குறிப்பிடப்படவில்லை."

"அதுக்கப்புறம் அவ என்ன ஆனா?"

"அதற்கப்புறம் அவள் கதையில் இல்லை."

அப்போது அதன் நடுவிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "நான் இங்கேதான் இருக்கேன். குடத்தோட நாலு வரி நடந்தேன். அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. யார் பக்கத்தைத் திறந்தாலும் எனக்கு மறுபடியும் அதுதான் நடக்குது. என்னை யாரும் ஒரு வார்த்தை பேச விடலை, அக்கா."

தடித்த புத்தகம் அவசரமாகத் தன்னை மூடிக்கொண்டது. "இவளுக்கு வசனமே கிடையாது" என்று முணுமுணுத்தது.

ஜெசிந்தா பின்வரிசைக்குள் கையை விட்டாள். அங்கே 'உப்பு விளையும் கோள்' என்ற ஒல்லியான புத்தகம் தூசியோடு கிடந்தது. அவள் கை பட்டதும் அது சொன்னது: "முன்னாடியே சொல்லிடறேன். அறுபதாம் பக்கத்துல ஒரு நாய் செத்துப்போகும். நோய் வந்து சாகும். எழுபத்தொண்ணுல ஒரு அம்மா அழுவாங்க. நீங்க பயப்படுற விஷயம் என்கிட்ட எங்கேயும் இல்லை."

"அட முட்டாளே" என்றது தடித்த புத்தகம். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் படிக்க என்ன இருக்கிறது?"

"உப்பு எப்படி விளையுதுன்னு இருக்கு" என்றது ஒல்லிப் புத்தகம். "நாயோட சாவை மட்டும்தான் சொன்னேன். கதையைச் சொல்லலை."

"நாய் சாகட்டும்" என்றாள் ஜெசிந்தா. "நான் அழுதுக்கறேன். அழுறதுக்கு எனக்குப் பயம் இல்லை. தெரிஞ்சு போறதுக்கும் பின்னாடியிருந்து பிடிச்சுத் தள்ளுறதுக்கும் வித்தியாசம் இருக்கு."

பிறகு தடித்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். திருப்பித் தரும் நாளை முத்திரை குத்துவதற்காக அங்கே ஒரு தேதித்தாள் ஒட்டியிருந்தது.

"உன் மேல எழுதலாமா?" என்று கேட்டாள்.

"எழுதுங்க" என்றது தேதித்தாள். "எத்தனை பேர் இதைப் பாதியில கொண்டுவந்து போட்டிருக்காங்கன்னு எனக்குத்தானே தெரியும். காரணத்தை ஒருத்தரும் எழுதலை."

ஜெசிந்தா பென்சிலால் அழுத்தமாக எழுதினாள்: 'பக்கம் 212, 213. ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்வதை விரிவாக எழுதியிருக்கிறது. படிக்க விரும்பாதவர்கள் 214க்குப் போகலாம். கதையில் எதுவும் குறையாது.'

கடைசி வரியைப் படித்ததும் தடித்த புத்தகம் அலறியது. குற்றாலிங்கம் எழுந்து ஓடி வந்தார்.

"அரசாங்கப் புத்தகத்துல கிறுக்குறீங்களா? உங்க கார்டை ரத்து பண்றேன்."

"பண்ணுங்க."

"இந்த ஊர்ல வேற நூலகம் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும். இங்க உட்கார்ந்து படிக்க கார்டு தேவையில்லைன்னும் தெரியும்."

அவர் கார்டை வாங்கி இரண்டாகக் கிழித்தார். அவள் ஒல்லிப் புத்தகத்தோடு நீள மேஜையில் போய் உட்கார்ந்தாள். பூட்டும் நேரம் வரை படித்தாள். அறுபதாம் பக்கத்தில் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அறுபத்தொன்றுக்குப் போனாள்.

அந்த வாரம் குற்றாலிங்கத்தின் மகள் நிவாஷினிக்கு விடுமுறை. பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். "ஒரு நல்ல மாயக் கதையா எடுத்துட்டு வாங்கப்பா" என்று சொல்லியிருந்தாள். அவர் ஜன்னலோர அலமாரிக்கு வந்தார். தங்க எழுத்தைப் பார்த்துத் தடித்த புத்தகத்தை எடுத்தார். முத்திரை குத்துவதற்காக முதல் பக்கத்தைத் திறந்தார்.

பென்சில் எழுத்தை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒல்லிப் புத்தகத்தைப் பைக்குள் போட்டார்.

"ஏன் சார்?" என்று தேதித்தாள் கேட்டது. "கதைன்னா எல்லாம்தானே இருக்கும்?"

அவர் பையின் வாயை இழுத்து மூடினார்.

"உங்க பொண்ணுக்குக் கோலப் புத்தகம் வேண்டாமா?"

"வாயை மூடு" என்றார். ஆனால் குரலில் பலம் இல்லை. அழிப்பான் மேஜையிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மறுநாள் ஜெசிந்தா வந்தபோது புதுக் கார்டு ஒன்று தயாராக இருந்தது. அவர் அதை மேஜை மேல் அவள் பக்கமாகத் தள்ளினார். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார்.

அவள் கார்டைத் தொடாமல் ஜன்னலோரத்தைக் காட்டினாள். "அங்க இருக்கிறதுல இன்னும் எத்தனை புத்தகம் அப்படி?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பன்னிரண்டு வருஷமா ஊருக்கே எடுத்துக் கொடுத்துட்டிருக்கீங்க."

"நான் எதையும் படிச்சதில்லை."

ஜெசிந்தா போய் ஒரு கை நிறையப் புத்தகங்களை அள்ளி வந்து அவர் முன்னால் வைத்தாள். தடித்த புத்தகம் மேலே இருந்தது. பக்கத்தில் ஒரு பென்சிலையும் வைத்தாள்.

"படிங்க சார். ஒரு வரி விடாம படிங்க. பயமா இருந்தா சொல்லுங்க."