ரெக்கார்டில் விழுந்த குரல்

செல்வினுக்கு வயது நாற்பத்தேழு. அவனுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்த ஹில்டாவுக்கு முப்பத்தெட்டு. அவர் அவனை அண்ணே என்பார். அவன் அவரை மாஸ்டர் என்பான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பெரம்பூரில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கே மாஸ்டர் சாக்ஸபோன், கிளாரினெட் ரிப்பேர் பார்ப்பார். கேட்டு வருகிறவர்களுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுப்பார். கேட்டு வருகிறவர்கள் அதிகம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை செல்வின் சாக்ஸபோன் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். உட்காரவில்லை.

"சாவிங்களோட தோல் பேட் எல்லாத்தையும் மாத்திக் கொடுங்க மாஸ்டர்."

"போன வருஷம்தானே மாத்தினோம்?"

"விக்கப் போறேன். சனிக்கிழமை ஒரு ஸ்கூல் பேண்டு மாஸ்டர் பாக்க வர்றாரு. சாவிக்கு அடியில காத்து ஒழுகினா குறை சொல்லுவாரு."

மாஸ்டர் பெட்டியைத் திறக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

அவன் சொன்னான். இருபத்தைந்து வருஷம் கல்யாண ரிசப்ஷனில் வாசித்தவன். பிரியாணி வரும்வரை ஜனம் கேட்கும். வந்த பிறகு யாருக்கும் காது இருக்காது. அது போதாது என்றுதான் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஓர் ஆல்பம் போட்டான். வெளியாகி ஒரு வருஷம் ஆகிறது. நெட்டில் நாற்பத்தொரு தடவை ஓடியிருக்கிறது.

"அதுல இருபது நானே கேட்டது" என்றான். "மீதியில பாதி என் மச்சான். நேரா சொல்லுங்க மாஸ்டர். யாருமே கேக்காத வாசிப்பு ஒரு வாசிப்பா?"

மாஸ்டர் எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய எல்பி ரெக்கார்டை எடுத்தார். அட்டையில் ஒரு மனிதர் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு தன் ஷூவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லெமுவல் ஹார்க்னெஸ் என்று பெயர் போட்டிருந்தது.

"யாரு இவரு? கேள்விப்பட்டதே இல்லையே."

"யாரும் கேள்விப்படல. அவர் பேருல வந்தது இது ஒண்ணுதான். பேட் மாத்த வெள்ளிக்கிழமை ஆகும். அதுவரைக்கும் தினம் இதைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, வீட்டுப்பாடம் வேறு. செல்வினுக்கு எரிச்சல்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனான்.

ஹார்ட் பாப் என்று சொல்கிற ஜாஸ் அது. ஐந்து பேர் வாசிப்பது. ட்ரம்ஸ் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும், சர்ச்சில் சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் மாதிரி, ஒன்று முடிக்க இன்னொன்று எழுந்து பேசும்.

செவ்வாய்க்கிழமை வந்தான்.

"நல்லா வாசிக்கிறாரு. இல்லன்னு சொல்லல. ஆனா இவரைவிட வேகமா வாசிச்சவங்க நூறு பேர் இருக்காங்க. இது விக்காததுல ஆச்சரியமே இல்ல."

"சாக்ஸபோனை மட்டும் கேட்டிருக்கீங்க."

"சாக்ஸபோன்காரன் வேற எதைக் கேப்பான்?"

"இன்னைக்கு அதை விட்டுடுங்க. ட்ரம்ஸைக் கேளுங்க."

புதன்கிழமை வந்தான். "கேட்டேன். நல்ல கை. சத்தம் ஜாஸ்தி."

"இன்னைக்கு ட்ரம்பெட். நாளைக்கு பியானோ."

அவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கேட்டு முடித்தான். வியாழக்கிழமை வந்து, "ரெண்டும் ஆச்சு, சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றான். மாஸ்டர் சாக்ஸபோனைக் கழற்றிப் போட்டுச் சாவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "பேஸ்" என்றார்.

வீட்டு ஸ்பீக்கரில் பேஸ் என்கிற அந்த ஆளுயரத் தந்தி வாத்தியம் சரியாகவே கேட்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். இரண்டாம் பக்கத்தில், மெதுவாகப் போகிற ஒரு பாட்டில் இதுவரை கேட்காத ஒன்று காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாஸ்டர்! ரெக்கார்டிங்ல தப்பு இருக்கு. சாக்ஸபோன் வாசிக்கிறப்போ பின்னால ஒருத்தர் குரல் கொடுக்கிறாரு. 'ம்ம்ம்'னு. பேஸ்காரரா இருக்கும். மைக் புடிச்சிடுச்சு. அதைப்போய் அப்படியே விட்டிருக்காங்க!"

மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ரெக்கார்டை வாங்கித் தன் பிளேயரில் போட்டார். இரண்டாம் பக்கம். ஊசியைக் கொஞ்சம் முன்னால் இறக்கினார்.

"எதுக்குக் குரல் கொடுத்தார்?"

அதை அவன் யோசிக்கவே இல்லை.

கேட்டான். சாக்ஸபோன் ஒவ்வொரு படியாக ஏறியது. ட்ரம்ஸ் கீழேயிருந்து தள்ளியது. உச்சி வந்துவிட்டது. யாராக இருந்தாலும் கத்திக் கைதட்டு வாங்குகிற இடம். ஹார்க்னெஸ் கத்தவில்லை. ஒன்றுமே வாசிக்காமல் நின்றார். தாளம் அவரைக் கடந்து போனது. போன பிறகு அடியிலிருந்து ஒரே ஒரு சுரம், பாதி காற்றும் பாதி சத்தமுமாக வந்தது. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மூச்சை விடுகிறவன் மாதிரி.

"ம்ம்ம்" என்றது பின்னால் அந்தக் குரல்.

செல்வினின் முழங்கை வரை மயிர்க்கூச்செறிந்தது. நான்கு நாள் இந்த ரெக்கார்டைக் கேட்டிருக்கிறான். இந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறான். ஒரு நாளும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றான்.

மாஸ்டர் போட்டார். மூன்றாவது தடவை அவன் கேட்காமலேயே போட்டார்.

ரெக்கார்டு ஓடி நின்றது. கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வின் அந்த வாரத்தில் முதன்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"எங்க ஆல்பத்துலயும் ஒரு குரல் விழுந்துச்சு மாஸ்டர்."

அவர் ஊசியைத் தூக்கி வைத்தார்.

"ட்ரம்ஸ் கபூர் பாய் இல்ல? நாலாவது பாட்டுல, என் சோலோ நடுவுல, 'அட்றா சக்கை'ன்னு கத்திட்டாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். 'பாய், இது என்ன ரெக்கார்டிங்கா, கல்யாண வீடா?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். அந்தத் தடவை பதிவான டேக்கை அழிக்கச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"மறுபடி வாசிச்சோம். அவரு வாயே திறக்கல. சுத்தமா வந்துச்சு. அதைத்தான் போட்டோம். அதுக்கப்புறம் பாய் என்கூட வாசிக்க வரல. ரெண்டு தடவை கூப்பிட்டேன். உடம்பு சரியில்லன்னாரு."

"எந்த இடத்துல கத்தினார்?"

"மூணாவது சுத்து முடியற இடம்."

"அங்க என்ன வாசிச்சீங்க?"

செல்வின் வாயைத் திறந்தான். கைகள் தாமாக எழுந்து, இல்லாத சாக்ஸபோனைப் பிடித்துக்கொண்டன. வலது கை விரல்கள் இரண்டு அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன. தலையை ஆட்டிக்கொண்டான். சுத்தமாக வந்த டேக்கில் வாசித்தது ஒவ்வொரு சுரமும் தெரியும். அதற்கு முந்தினது ஒன்றுகூட இல்லை.

கைகளைக் கீழே இறக்கினான்.

"தெரியல மாஸ்டர். என்னமோ ஒண்ணு வந்துச்சு. எனக்கு நினைவில்ல. டேக்கும் இல்ல." மேஜைமேல் இருந்த சாக்ஸபோனைப் பார்த்தான். "இனிமே அது யாருக்குத் தெரியப் போவுது?"

மாஸ்டர் கடைசிச் சாவியை முடுக்கினார். எல்லாச் சாவிகளையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். எங்கேயும் காற்று ஒழுகவில்லை. சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவன் பக்கமாகத் தள்ளினார்.

"கபூர் பாய்க்குத் தெரியும்" என்றார். "இன்னைக்கே போய்க் கேளுங்க. போகும்போது இதையும் எடுத்துட்டுப் போங்க அண்ணே. அவர் வாயால பாடித்தான் காட்டுவார். வாசிக்க ஆள் வேணாமா?"