கடைசி அறை வாசலில் செருப்புகள்

அந்த மகளிர் விடுதியில் வார்டன் ஜெயசீலி மேடம் வைத்ததுதான் சட்டம். முதலாண்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்துச் சொன்னார்: "படிக்கிறவளுக்கு ஏ பிளாக். அரட்டை அடிக்கிறவளுக்கு பி பிளாக். போன வருஷம் ரேங்க் வாங்கின ரோஸ்லின் ஏ பிளாக்தான். யாருக்கு எது வேணும்?"

"எனக்கு ரெண்டும் வேணும் மேடம்," என்றாள் இசக்கியம்மாள்.

மேடம் சிரித்தார். "படிப்பும் கூட்டாளிங்களும் ஒண்ணா இருக்கிற ரூமைச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லைன்னா என் ஆபீஸ் பக்கத்து ரூம்தான் உனக்கு."

அந்த அறைக்கு எவளும் விரும்பிப் போனதில்லை.

இசக்கியம்மாள் ஒரு கதவையும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஏ பிளாக்கில் ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஒற்றை ஜோடிச் செருப்பு. பி பிளாக்கில் குவியல் குவியலாகச் செருப்பு, மாடிப்படி வரை சிரிப்புச் சத்தம். கடைசி அறை வாசலிலும் அதே குவியல்தான். ஆனால் உள்ளே சத்தமே இல்லை.

மேடத்தைக் கூட்டிவந்து காட்டினாள்.

"போன்ல படம் பார்ப்பாளுங்க," என்று மேடம் கதவைத் தள்ளினார்.

உள்ளே முறுக்குத் தட்டைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நடுவில், தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ரோஸ்லின்.

மேடம் கட்டில்களை எண்ணிப் பார்த்தார். "இங்க கட்டில் காலி இல்லை," என்றார் கடைசியில்.

"உங்க ஆபீஸ் பக்கத்துலயே கட்டில் போடுங்க மேடம், தூங்கத்தானே," என்றாள் இசக்கியம்மாள். "செருப்பை எங்க கழட்டி விடணும்னு தெரிஞ்சுபோச்சு."