அரசர் முன் அமரும் பதவி

முன்னொரு காலத்தில் தாழைநாட்டை மருதவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர், காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான் குறை. அவருடைய உயிரே செல்லக்கிளிதான். கிளி என்றதும் கூண்டைத் தேடாதீர்கள், அது பட்டத்து யானை.

செல்லக்கிளியின் பாகன் திடீரென்று செத்துப்போனான். அன்றிலிருந்து அது ஒரு கவளம் தொடவில்லை. மூன்றாம் நாள் ராஜாவும் தட்டைத் தள்ளிவிட்டார்.

"புதுப் பாகனுக்கு உடனே தண்டோரா போடுங்கள்! ஆனால் யானை என்ற பேச்சே வரக்கூடாது. நம் யானை பட்டினி என்று பக்கத்து நாட்டான் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பான்."

"கவலையை விடுங்கள் பிரபு" என்று எழுத்தாணியோடு முன்னே வந்தார் அவைப்புலவர் நாகேசராயர். அவருக்கு ஒரு மைத்துனன் உண்டு. வேலை வெட்டி இல்லாமல் மீசையை முறுக்கிக்கொண்டு அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்துகொண்டிருந்தான். ராயர் மனதில் அவனை நிறுத்திவைத்து, அவன் அளவுக்கே ஓலையை எழுதினார்.

தண்டோரா போடும் சங்கிலியை அவருக்குக் கண்டாலே ஆகாது. தன் கவிதைக்குக் கொட்டாவி விடும் ராஜா, இவன் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

"ஓலையில் இல்லாத ஒரு சொல் உன் வாயில் வந்தால் நாக்கு மிஞ்சாது, தெரிந்ததா?" என்று மிரட்டினார் ராயர்.

சங்கிலியின் தங்கை பேச்சி ஆறு வருடமாகச் செல்லக்கிளிக்குத் தழை வெட்டிப் போட்டவள். பாகன் போனதும், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று காவலர்கள் அவளை விரட்டிவிட்டார்கள். யானை பிளிறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் அழுகிறாள். இது பாகன் வேலைதான் என்று அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்ல முடியாதே!

"டும் டும் டும்! அரசர் முன் அமரும் பதவிக்கு ஆள் தேவை! யாப்பிலக்கணம் கற்றிருக்க வேண்டும்! மீசை முழ நீளம்! வயது இருபத்தைந்துக்கு மிகாமல், அனுபவம் முப்பது வருடத்துக்குக் குறையாமல்! இடது தோளில் மச்சம் உள்ளவருக்கு முன்னுரிமை!"

"வேலை என்னப்பா?" என்றது தெரு.

"அது ஓலையில இல்லீங்க."

ஒரு தச்சன் தன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

"மீசைக்கு நான் எங்கண்ணே போவேன்?" என்று சிரித்தாள் பேச்சி. சங்கிலிக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் நாள் சபைக்கு வந்தது ஒரே ஆள், மைத்துனன்தான். பட்டும் சவ்வாதுமாக நின்றான்.

"இருபத்தைந்து வயதில் முப்பது வருட அனுபவம் எப்படி?" என்றார் ராஜா.

"போன பிறவியையும் சேர்த்து, பிரபு" என்றார் ராயர்.

ராஜா தலையைச் சொறிந்தார். "நாடு முழுவதும் ஒருவன்தானா? சங்கிலி, நீ சரியாகக் கூவினாயா?"

"எழுத்துப் பிசகாமல் கூவினேன், மகாராஜா. எப்பேர்ப்பட்ட ஆள் வேண்டும் என்று ஓலையில் இருந்தது. என்ன வேலை என்று மட்டும் இல்லை. வந்திருக்கிறாரே, அவரையே கேளுங்கள்."

மைத்துனன் மீசையை நீவினான். "அரசர் முன் அமரும் பதவி! தங்கள் சிம்மாசனத்துக்கு எதிரே எனக்கொரு பட்டு ஆசனம். வேறென்ன?"

"அம்பாரியில் ராஜா, அவருக்கு முன்னால் நீங்கள். ஆசனம் காத்திருக்கிறது, வாங்க" என்றான் சங்கிலி.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லோரையும் கொட்டிலுக்கு அழைத்துப்போனார். செல்லக்கிளி துதிக்கையை நீட்டிச் சவ்வாதை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. மைத்துனன் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று இங்கே, ஒன்று மதிலுக்கு அந்தப் பக்கம்.

சிரித்து முடித்த ராஜா யானையின் ஒடுங்கிய வயிற்றைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "பக்கத்து நாட்டான் சிரித்தால் சிரிக்கட்டும். சங்கிலி, உன் வாய்க்கு வந்ததைக் கூவு."

"டும் டும்! செல்லக்கிளி அஞ்சு நாளா சாப்பிடலை! ஊட்டத் தெரிஞ்சவங்க ஓடி வாங்க!"

கரும்பும் வெல்லமுமாக ஊரே திரண்டது. செல்லக்கிளி எதையும் தொடவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் பேச்சி.

"அடியே, உனக்கு இவ்வளவு வீம்பா?" என்று துதிக்கையில் ஒரு அடி வைத்தாள். கவளத்தை உருட்டி, பாகன் வழக்கமாகச் செய்வதுபோல முதல் வாய் தான் தின்றாள். மிச்சத்தை நீட்டினாள். செல்லக்கிளி வாயைத் திறந்தது. ராஜா எல்லோர் முன்னிலையிலும் விம்மி அழுதார்.

"பிரபு, இவளுக்கு ஒரு தகுதியும் இல்லையே! மீசைகூட இல்லை!" என்றார் ராயர்.

"யானைக்கும்தான் இல்லை" என்றான் சங்கிலி.

பேச்சிதான் பாகன் என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. "ராயரே, இனி நீர் எழுதும் ஓலையை நீரே தெருவில் கூவும்" என்றார் ராஜா.

அடுத்த மாதம் அரண்மனை வாசலுக்கு ஆள் தேவைப்பட்டது. ராயர் கழுத்தில் தண்டோராவை மாட்டிக்கொண்டு, "அறுபத்து நான்கு கலைகளும் அறிந்த..." என்று தொடங்கினார்.

"வேலை என்னங்க?" என்றது தெரு.

ராயர் ஓலையைச் சுருட்டினார். "கதவு திறக்கணும்."

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். செல்லக்கிளி நலம், பேச்சி நலம், கேட்ட நாமும் நலம்.